அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் வரிக்காரர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. விமானத்துக்குப் பஞ்சவர்ணம், மண்டபத்துத் தளக்கல், மடப்பள்ளிக் கூரை, வயரிங் எல்லாம் முடிந்துவிட்டன; ரசீதுகள் பைலில் இருக்கின்றன. விமானத்தில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசஞ்செடியை எடுக்க ஒரு வரிசைச் செங்கல்லையே கழற்ற வேண்டியதாயிற்று. வெளியே நூல் மாதிரி தெரிந்த வேர், உள்ளே சுண்ணாம்பு இடுக்கில் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. இந்தச் செலவையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் கோயிலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருக்கிற மணல்மேட்டைப் பற்றித்தான். "அங்கே மதில் கட்டக் கொடுத்த காசில் அடம்பங்கொடி நட்டுவிட்டார்கள்" என்று டீக்கடையில் பேசுவது எங்கள் காதுக்கும் வந்தது. ஆகவே விவரமாகவே எழுதுகிறோம்.

கோயில் தரையை உயர்த்த வெளியிலிருந்து சவுடு மண் அடிக்க வேண்டும், லோடுக்கு இன்ன தொகை என்பதுதான் காண்ட்ராக்டரோடு பேசிய பேச்சு. அவரோ ராத்திரியில் பொக்லைனை இறக்கி, மேட்டை நடுவில் பிளந்து, அந்த மணலையே உள்ளே கொட்டிவிட்டு, சவுடு லோடு என்று பில் வைத்தார். நம் மணலை நமக்கே விற்ற கதை. கேட்டால், "சும்மா கிடக்கிற மண்ணுதானே, இடத்தைச் சமமாக்கிக் குடுத்திருக்கேன்" என்று எங்களுக்கே உபகாரம் செய்தவர் மாதிரி பேசினார். பில்லை நிறுத்தினோம். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சென்ட்ரிங் பலகை பாதியில் நின்றது. வேறு மேஸ்திரியைப் பிடித்து, கூடுதல் கூலி கொடுத்துத்தான் வேலையை முடித்தோம். செலவு கூடியதும் நாள் தள்ளிப்போனதும் இதனால்தான். அனுசரித்துப் போயிருக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: 2019ஆம் வருடத்துக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி மணல்மேட்டைக் கலைக்கக் கூடாது. அனுசரித்திருந்தால் அதிகாரிகள் முன்னால் கைகட்டி நின்றிருக்க வேண்டியது கையெழுத்துப் போட்ட நாங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வாடைக்காற்று தொடங்கியதும் வெட்டின வழியாக மணல் நேரே மண்டபத்துக்குள் வந்து படிக்கட்டை மூடியதை எல்லோரும் பார்த்தீர்கள். அந்த மேட்டை யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் சேர்த்து வைத்த மணல் அது. காற்று செடியில் தட்டினால் வேகம் குறையும். தூக்கி வந்த மணலை அங்கேயே போட்டுவிடும். மணல் மூடிப்போனால் மற்றச் செடி சாகும். இவை இரண்டும் மணலுக்கு மேலே தலையை நீட்டி, கணுவுக்குக் கணு புது வேர் விடும். மறுபடி மணல், மறுபடி வேர். மேடு உயர்வது இப்படித்தான். நட்ட கொடியில் ஒரு கணுவைப் போய்ப் பாருங்கள்: காற்று மறைவில் வால் மாதிரி ஒரு கீற்று மணல் சேர்ந்திருக்கும்.

மதில் ஏன் கூடாது? அலை மதிலில் மோதித் திரும்பும்போது அடிமணலைப் பறித்துக்கொண்டு போகும். மேடோ புயலில் தன் மணலைக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும். 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதன் சுவர்கள் எழும்பிய பிறகு, தெண்டி நீரோட்டம் வடக்கே கொண்டுவரும் மணல் தெற்கிலேயே தங்கி மெரினா அகலமாயிற்று. ராயபுரத்திலிருந்து நம் பக்கம் வரைக்கும் கரை தின்னப்பட்டது. கல் கொட்டிய குப்பங்களில் படகு ஏற்ற இடமில்லாமல் தவிப்பது தெரியாதவர் உண்டா?

கோயில் கிணற்றுத் தண்ணீரும் இதைச் சேர்ந்ததுதான். மேட்டில் இறங்கும் மழைநீர் கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதால்தான் கடலோரத்தில் அபிஷேகத்துக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மேடு போனால் டேங்கர்தான்.

சவுக்கு வைக்கலாம் என்று சொன்னவர்களின் யோசனையையும் பரிசீலித்தோம். அதன் சருகு மெத்தையில் அடம்பு பரவாது, பங்குனி ஆமை முட்டையிடக் குழி தோண்டவும் இடமிருக்காது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெட்டின இடத்தில் தென்னங்கீற்றுப் படல் கட்டி, பின்னால் கொடி நட்டோம். செலவு கொடிக்கு அல்ல, படலுக்கும் கூலிக்கும்.

உபயங்கள்: படல் கீற்று, ஐஸ் கடைக்காரர். கொடி நட்ட நாள் சாப்பாடு, மீன் விற்கும் பெண்கள் குழு. கலசம், விசைப்படகுக்காரர்கள். மணி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். யாகசாலைச் செலவு, பைபர் படகு உரிமையாளர்கள். பந்தல், வலை பின்னுகிறவர்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயர்கூட மண்டபக் கல்வெட்டில் இருக்கிறது. விட்டுப்போயிருந்தால் ரசீதோடு வாருங்கள், சண்டையோடு வேண்டாம்.

காண்ட்ராக்டரின் பாக்கி பில் இன்னும் தீரவில்லை. பஞ்சாயத்துப் பேச வரட்டும், அளந்துபார்த்துப் பேசுவோம். மேட்டில் ஆடு கட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். கணக்குப் புத்தகம் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் இருக்கும். அடுத்த திருப்பணிக்குப் புதுக் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு