சோற்றை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, மல்லிகா

பாப்பாரப்பட்டி,
ஜூன் கடைசி வாரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பையனுக்கு ஓசூரில் வேலை நிலைத்துவிட்டது என்று படித்ததும் கடிதத்தை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். இங்கே எல்லோரும் நலம். இரண்டு மழை பெய்தது, கடலை விதைக்க உழுது போட்டிருக்கிறோம். சின்னவள் நர்சிங் இரண்டாம் வருடம் போய்விட்டாள், லீவுக்கு வந்திருக்கிறாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் உன் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தை மூன்று தடவை படித்தேன். சோற்றை அடியோடு விட்டுவிட்டேன், முதல் 10 நாளில் 3 கிலோ இறங்கியது, அப்புறம் ஒரு மாதமாக முள் அசையவே இல்லை, பகல் 11 மணிக்கு மேல் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். வாயைக் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இல்லைடி. எடையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இதைக் கேள்.

நீ சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அதில் பல வகை இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை அப்படி இல்லை, நீ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தே இல்லாமல் இரண்டு முட்டையோடு நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை கீழே விழுந்துவிடும், அந்த நடுக்கமும் வேர்வையும் அதுவாகத்தான் இருக்கும் என்று என் மகளும் சொல்கிறாள். நீயாக மாத்திரையை நிறுத்தாதே. டாக்டரிடம் போய், சோற்றைக் குறைத்திருக்கிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேள். அதுவரை நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடி, 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை குடி. டயட் கெட்டுப்போகும் என்று அந்த நேரத்தில் யோசிக்காதே.

சரி, எடைக்கு வருகிறேன்.

உனக்குத் தெரியும், இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் 74 கிலோ. முழங்கால் வலியில் தையல் மிஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் போட்டேன். இப்போது 66. இதற்கு 14 மாதம் ஆனது. அதில் முதல் நாலு மாதம் நீ இப்போது செய்கிறதைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதல் 10 நாளில் இறங்கிய அந்த 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினதும் அது செலவாகிறது, தண்ணீரும் போய்விடுகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும், 3 கிலோவுக்கு 10 நாள் என்றால் ஒரு நாளைக்கு 2,300. நம் வயதில் நம் உடம்புக்கு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் அவ்வளவு வராது. அதனால் இப்போது எடை நின்றுவிட்டதே என்று மனசு உடையாதே.

ஆனால் ஒரு மாதமாக நிற்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. சாயந்திரம் ஒரு கிண்ணம் வறுத்த நிலக்கடலை, பொரியலில் நிறையத் தேங்காய், முட்டைக்கு நெய் என்று எழுதியிருக்கிறாய். சோறு இல்லாவிட்டால் கொழுப்பு எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டாய். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. நான் வீட்டுக் கடலையை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன், என் கிண்ணத்தில் 100 கிராம் பிடித்தது, அதுவே 500 கலோரிக்கு மேல். மத்தியானமும் ராத்திரியும் நான் விட்ட சோறு வேளைக்கு 75 கிராம் அரிசி, இரண்டு வேளையும் சேர்ந்து 530 கலோரி. அந்தப் பக்கம் எடுத்ததை இந்தப் பக்கம் அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், நாலு மாதம். கடலை நல்ல பொருள்தான், நம் மண்ணில் விளைவது, நான் இன்னும் சாப்பிடுகிறேன், ஆனால் ஒரு கை, அதுவும் உரித்து உரித்துச் சாப்பிடுகிற அவித்த கடலை.

அப்புறம் களி. சோற்றுக்குப் பதில் களி சாப்பிட்டால் இளைத்துவிடும் என்று நம் பக்கத்தில் சொல்லாத ஆள் இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ராத்திரிக்கு இரண்டு உருண்டை, கீரைக் கடைசல். ராகி நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்து, அரிசியில் 3 கிராம்கூட இல்லை, சுண்ணாம்புச்சத்து ராகியில் 360 மில்லிகிராம், அரிசியில் 10-கூடத் தேறாது. ஆனால் கலோரி? அரிசி 356, ராகி 321. இவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் 400 கிராம் மாவுக்கு 100 கிராம் நொய் போட்டுக் கிண்டினால் நாலு உருண்டை வரும், ஆக ஒரு உருண்டை 400 கலோரிக்கு மேல். இரண்டு உருண்டை 800. நம் அம்மாக்கள் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு இருட்டும் வரை களை வெட்டினார்கள். நான் மோட்டார் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறேன். இப்போது எனக்கு முக்கால் உருண்டை, கூட ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசல், ஒரு தட்டுக் கீரை. பசி தாங்குகிறது.

மகள் ஒரு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வைப் படித்துச் சொன்னாள், 2025-ல் வந்தது. நம் நாட்டு ஜனங்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு சிறுதானியமோ கோதுமையோ வைத்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறையவில்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் புரதம் வந்தால்தான் குறைகிறது. அதைக் கேட்டதும் என் களி உருண்டைதான் ஞாபகம் வந்தது. இன்னொன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்தது, 2018-ல் வந்தது. 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் இன்னொரு பாதிக்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சராசரியாக 5, 6 கிலோதான் இறங்கியது, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால் சோற்றை விட்டதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறவள் மாவுச்சத்தைக் குறைப்பது சரிதான். ஒரேயடியாக விட வேண்டாம், எடுத்த இடத்தில் கடலையையும் நெய்யையும் நிரப்ப வேண்டாம், கொள்ளு, அவரை, மொச்சை, முட்டை, தயிர், மீன் என்று வை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், கொள்ளுக்குள்ளும் 100 கிராமுக்கு 330 கலோரி இருக்கிறது, ஆனால் 22 கிராம் புரதமும் இருக்கிறது, அதனால்தான் பசி தாங்குகிறது.

எண்ணெய்க் கணக்கு மட்டும் போட்டுப் பார். நாங்கள் நாலு பேருக்கு மாதம் 4 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினோம். ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல், ஆளுக்கு ஒரு நாளைக்கு 270. ஒரு பருக்கை சோறு குறைக்காமல் இரண்டரை லிட்டராக்கினேன், 100 கலோரி தானாகக் குறைந்தது. தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்று எழுதியிருந்தாய், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தோப்பில் செந்தூரா மாம்பழம் பழுத்துக் கிடக்கிறது, இந்த வருடம் ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை என்று. எதற்குடி? 100 கிராம் சதையில் 60 கலோரி, 15 கிராம் மாவுச்சத்து. டாக்டர் சரி என்றால் அரைப் பழம் சாப்பிடு, அன்றைக்குச் சோற்றில் இரண்டு கை குறைத்துக்கொள். ஜூஸ் போடாதே, கடித்துச் சாப்பிடு. காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்துக்கொண்டு மாம்பழத்தைப் பார்த்து அழுதால் எத்தனை மாதம் தாங்குவாய்?

வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே பெரிது. போகப் போக அதுவும் குறையும், இளைத்த உடம்பு செலவழிக்கிற கலோரி குறைவு. முள்ளைத் தினமும் பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பார், இடுப்பையும் டேப்பில் அள. நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் 96-ல் ஆரம்பித்தேன், இப்போது 87. இன்னும் இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று அவர் சொல்கிறார், நீயும் வா, மீன் குழம்போடு அளவாகச் சோறு சாப்பிடலாம். ஆனால் அதுவரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பு, என்ன மாத்திரை என்று அவள் பார்த்துச் சொல்வாள், அடுத்த நாள் காலையில் டாக்டரிடம் போய்விட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.

உன்
தேவகி