பச்சையா தெரியுற எல்லாமே காடு ஆயிடாதுங்க: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துல மிச்சம் இருக்கிற புல்வெளி பத்திதான் எழுதுறேன். 2013ல 600 சதுர கிலோமீட்டருக்கு மேல சரணாலயம்னு அறிவிச்சப்ப மலைல இருக்கிற நாங்க ரொம்ப சந்தோஷப்பட்டோம். ஆனா பழைய சாட்டிலைட் படத்தையும் புது படத்தையும் பக்கத்துல வெச்சு ஆராய்ச்சி பண்ணவங்க 2018ல சொன்னது, 40 வருஷத்துல கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரோட புல்வெளில மூணுல ரெண்டு பங்கு காணாம போயிடுச்சு. அந்த இடத்துல இப்ப வாட்டில் (ஆஸ்திரேலியால இருந்து வந்த ஒரு வகை மரம்), பைன், யூகலிப்டஸ், கொஞ்சம் காய்கறித் தோட்டம்.

நட்டவங்கள இப்ப திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. வெள்ளைக்காரங்க விறகுக்குன்னு கொண்டு வந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிட பட்டை வேணும் மில்லுக்கு மரக்கூழ் வேணும்னு அரசாங்கமே சரிவு சரிவா நட்டுச்சு, புல்வெளின்னா சும்மா கிடக்கிற நிலம்னுதான் அன்னைக்கு எல்லாருமே நெனச்சாங்க. நட்டதோட நின்னிருந்தா கூட பரவால்ல, வாட்டில் நிக்காதுங்க. அதோட விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் செத்துப்போகாம கிடக்கும், கோடைல ஒரு தடவ தீ பட்டா போதும், அடுத்த மழைக்கு நாத்து போட்ட மாதிரி அடர்த்தியா முளைச்சு நிக்கும். அது வளந்து நிழல் கட்டிடுச்சுன்னா அடியில போய் பாருங்க, காஞ்ச சருகுதான் இருக்கும், ஒரு புல்லு இருக்காது. வரையாடு அங்க வராது, அதுக்கு மேயப் புல்லும் வேணும், எதிரி வர்றது தூரத்துலயே தெரியுற திறந்த சரிவும் வேணும். மழைத்தண்ணிய பிடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓடைல விடுறதும் இந்தப் புல்லும் அதுக்கு நடுவுல இருக்கிற சதுப்பும் சோலையும் (மலை மடிப்புல இருக்கிற இயற்கைக் காடு)தான், கீழ வைகைக்கும் அமராவதிக்கும் போற தண்ணில இந்த மலையோட பங்கு இருக்கு.

இதுல என்னை ரொம்ப வருத்தப்பட வைக்கிறது கணக்குதான். இந்திய வன அளவைத் துறை ஒரு ஹெக்டேருக்கு மேல இருந்து, மரநிழல் 10 சதவீதம் இருந்தாலே அத காட்டுப்பரப்புன்னு சேத்துக்குது, என்ன மரம்னு பாக்கறதில்ல. அப்ப புல்வெளி மேல வாட்டில் ஏறினா ரிப்போர்ட்ல காடு கூடிடுச்சு! நீங்க கஷ்டப்பட்டு அந்த வாட்டிலை எடுத்து புல்லை மீட்டா காடு குறைஞ்சிடுச்சுன்னு வரும். நல்ல வேலை செய்யுற அதிகாரிக்கு இதவிட பெரிய தடை என்ன இருக்கு சொல்லுங்க. அதனால சரணாலயத்தோட மேலாண்மைத் திட்டத்துலயும் மேப்புலயும் புல்வெளிய தனி வகையா போட்டு, வருஷா வருஷம் எவ்வளவு இருக்குன்னு நீங்களே தனியா கணக்கு காட்டணும்.

அந்நியக் களைச்செடிகளை அகற்ற 2022ல அரசு கொள்கையே கொண்டு வந்தாச்சு, 2023ல வரையாடு திட்டமும் ஆரம்பிச்சாச்சு, ரெண்டுக்கும் நன்றி. ஆனா வேலைய எங்க ஆரம்பிக்கிறீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. பெரிய மரம் நிக்கிற பழைய தோட்டத்த டெண்டர் விட்டு மொட்டையா வெட்டுறது முதல் வேலையா இருக்க வேணாம். அந்த நிழல்ல பல இடத்துல சோலை மரக்கன்னு தானா வந்துட்டு இருக்கு, ஒரேயடியா வெட்டி வெயில் விட்டா கன்னு போயிடும், விதை முளைச்சு மறுபடியும் வாட்டில்தான் வரும். முதல்ல நல்லா இருக்கிற புல்வெளிக்குப் போங்க. அங்க முழங்கால் உயரத்துல வாட்டில் கன்னு நிக்குது, மழை பெஞ்சு மண்ணு இளகி இருக்கறப்ப அடிய புடிச்சு இழுத்தா வேரோட கையில வந்துடும். அதையே சில வருஷம் விட்டுட்டா வெட்டுகத்தி, மெஷின், லாரின்னு செலவு பல மடங்கு ஆகும். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கம் இருக்கிற மக்களுக்கே கூலி குடுத்து இத செய்யலாம், ஆனா ஒரு சீசனோட முடிச்சுட்டு போட்டோ எடுத்துட்டுப் போற வேலையா இருக்கக் கூடாது, மண்ணுல விதை இருக்கிற வரைக்கும் அதே இடத்துக்கு வருஷா வருஷம் போகணும், அதுக்கு பட்ஜெட்ல தொடர்ந்து பணம் ஒதுக்கணும்.

இன்னொண்ணு, குறிஞ்சி. 2018ல பூத்துச்சு, அடுத்து 2030ல. போன தடவ பூத்த சரிவுகள்ல எதுலெல்லாம் இப்ப வாட்டில் ஏறியிருக்குன்னு இந்த வருஷமே நடந்து போய் ஒரு லிஸ்ட் எடுத்து வெளியிடுங்க, கூட நடக்க நாங்க வர்றோம்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து ஒருவன்