நாய்க்கு வீசப்படும் ஈரல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவிலும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் நரிக்கும் வயல் எலிக்கும் இடையே ஒரு நாடாப்புழு சுற்றி வருகிறது. நரியின் எச்சத்தில் வெளியேறும் முட்டைகள் எலியின் வயிற்றுக்குள் சென்று, அதன் ஈரலில் இளம்புழுக்களாகப் பெருக, அந்த எலியைத் தின்னும் நரியின் குடலில் அவை மீண்டும் முழு வளர்ச்சி அடைகின்றன. இதற்கு மிக நெருங்கிய மற்றோர் இனம் தமிழ்நாட்டில் நாய்க்கும் ஆடு மாடுகளுக்கும் இடையே சுற்றுகிறது. அந்தச் சுற்றை அறுபடாமல் வைத்திருப்பவர்கள் நாம்தான் என்பதே வேதனை.

வேலூர் சுற்றுவட்டாரத்தின் சாலையோர இறைச்சிக் கடைகளில், ஈரலிலோ நுரையீரலிலோ வெண்தோல் மூடிய நீர்க்கட்டி தென்பட்டால், அந்தத் துண்டை மட்டும் அரிந்து, கட்டைக்குக் கீழே காத்திருக்கும் நாய்களுக்கு எறிந்துவிடுகிறார்கள். இந்தப் புழுவின் இளம்பருவம் தங்கும் ஒரே கட்டிக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருக்கக்கூடும்; அதைத் தின்னும் நாயின் குடலில் அவை முழுப் புழுக்களாக வளர்கின்றன. நாயின் எச்சத்திலுள்ள முட்டைகள் மண்ணிலும் கீரையிலும் ஒட்டி, கழுவாத கை வழியாக மனிதரை அடைந்தால், கல்லீரலில் கட்டி பல ஆண்டுகள் வலியின்றி வளரும். பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும்.

கழிவு உறுப்புகளை ஆழக் குழிதோண்டிப் புதைப்பதைக் கடைக்காரர்களுக்குக் கட்டாயமாக்குவதோடு, தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும்போதே பிராசிகுவாண்டல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையும் கொடுக்க உள்ளாட்சி நிர்வாகமும் கால்நடைத் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி.