கோடை விண்வெளி முகாம்: இதுவரை நடந்ததும் சனிக்கிழமை ஏற்பாடுகளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் கோடை விண்வெளி அறிவியல் முகாம் பாதி தாண்டிவிட்டது. கத்திரி வெயிலிலும் பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். மகிழ்ச்சி.

முதல் வாரத்தில் திடலில் சூரியக் குடும்பத்தை அளவு குறைத்து நட்டோம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது கணக்கு. அதன்படி சூரியன் 14 சென்டிமீட்டர் பந்து, பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. நெப்டியூனை 450 மீட்டருக்கு அப்பால், சாலையோரப் புளியமரத்தடியில்தான் வைக்க முடிந்தது. அடுத்து, முதல் மாடியிலிருந்து முட்டையை உடையாமல் இறக்கும் தரையிறங்கி. நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை, நிறையவே உடைத்தோம். சந்திரயான் ரோவரின் சோதனைக்கு நிலவு மண்ணுக்கு மாற்றாக நம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடித்து எடுத்துப்போன செய்தியைப் பிள்ளைகளே தேடிப் படித்து, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எல்லாக் குழுவினரும் நன்றாகச் செய்தார்கள், எல்லாருக்கும் பாராட்டுகள்.

அடுத்தது நீர் ராக்கெட்: குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பம்பால் காற்றடித்து விட்டால், தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பாயும். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை மாலை ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த ராக்கெட்டை வீட்டுக்கு எடுத்துவந்தது. ஆசையாகக் காட்டட்டும் என்றுதான் கொடுத்தனுப்பினோம். செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தவற்றில் பல வேறு ராக்கெட்டுகள். கோணலாக இருந்த இறக்கைகள் நேராகியிருந்தன, கசங்கிய சார்ட் பேப்பர் மூக்கு பளபளவென்று மாறியிருந்தது. ஒன்றிரண்டில் எல்இடி விளக்குகூட எரிந்தது. செய்தவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளையின் பொருள் நன்றாக வரவேண்டும் என்ற அக்கறைதான் அது. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து செய்திருப்பீர்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் செவ்வாயன்று சரியாகப் பறக்காதவற்றில் பெரும்பாலானவை இப்படித் திருத்தப்பட்டவை. ஏன் பறக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் 'செய்யாதீர்கள்' என்று மட்டும் சொன்னால் நியாயமாகாது.

முதலில் இறக்கை. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இறக்கைகளை பேக்கிங் டேப்பால் ஒட்டச் சொல்லியிருந்தோம். லாரி பாடி கட்டும் ஊரில் அலுமினியத் தகட்டுக்கா குறைச்சல்? சிலர் தகட்டில் வெட்டி மாட்டிவிட்டீர்கள். தகடு கனம். வால் பக்கம் கனம் ஏறினால் ராக்கெட்டின் எடை மையம் பின்னுக்கு நகரும். அம்புக்கு முனையில் கனமும் பின்னால் இறகும் இருப்பதுபோல, ராக்கெட்டுக்கும் எடை மையம் முன்னால் இருக்க வேண்டும், காற்று பக்கவாட்டில் தள்ளும் மையம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ராக்கெட் நடுவானில் புரளும். அதற்காகவே மூக்கில் சுமார் 60 கிராம் களிமண் வைக்கச் சொல்கிறோம். ஏவுவதற்கு முன் ராக்கெட்டை எடை மையத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்போம். மூக்கு முன்னே சென்றால் தேறியது. தகட்டு இறக்கை வைத்தவை வாலை முன்னே காட்டிச் சுற்றின. அதோடு, பத்திருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் தகட்டின் விளிம்பு யார் மேல் பட்டாலும் கத்திதான்.

இரண்டாவது, பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன். டேப்பைவிட இது உறுதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதிலிருந்து வரும் பசை 120 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். குளிர்பான பாட்டிலின் பிளாஸ்டிக் 75 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். பசை பட்ட இடம் சுருங்கிக் குழிவிழும். கண்ணுக்குச் சிறிய வடுவாகத்தான் தெரியும், காற்றடிக்கும்போதுதான் அதன் குணம் வெளிப்படும். நாங்கள் 50 பிஎஸ்ஐ வரை அடிக்கிறோம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ. 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு லிட்டர் பாட்டிலின் அடிப்பக்கம் மட்டும் 300 கிலோவுக்கு மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. நல்ல பாட்டிலுக்கு அது ஒன்றுமில்லை. சூடு பட்ட பாட்டில் ஒன்று, அழுத்தம் காட்டும் கேஜ் 30 பிஎஸ்ஐ காட்டும்போதே வடு இருந்த இடத்தில் புடைக்க ஆரம்பித்தது. உடனே காற்றை இறக்கிவிட்டோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மூன்றாவது பாட்டிலையே மாற்றியது. பள்ளியில் கொடுத்தது கீறலாக இருக்கிறது என்று, புத்தம்புதிய குடிநீர் பாட்டிலில் எல்லாவற்றையும் மாற்றி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். குடிநீர் பாட்டில் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: கேஸ் உள்ள குளிர்பான பாட்டிலின் அடியில் பூவிதழ்போல ஐந்து கால்கள் இருக்கும், உடம்பு வழவழப்பாக இருக்கும். குடிநீர் பாட்டில் உடம்பெல்லாம் வரிவரியாக, கையால் அழுத்தினாலே நசுங்கும். இன்னொருவர் பாட்டில் கழுத்தில் துருத்திக்கொண்டிருந்த வளையம் காற்றைத் தடுக்கும் என்று எண்ணி, அதை பிளேடால் அழகாகச் சீவி எடுத்துவிட்டார். யோசனை தவறில்லைதான். ஆனால் எங்கள் ஏவுமேடையில் பிவிசி குழாயைச் சுற்றி நிற்கும் கேபிள் டைகள் அந்த வளையத்தைத்தான் கவ்விப் பிடிக்கின்றன. கயிற்றை இழுக்கும் வரை ராக்கெட்டைக் கீழே நிறுத்தி வைப்பது அந்த ஒரு வளையம்தான்.

எங்களுக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தது பாராசூட் விஷயத்தில். மூக்கு மூடி தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து, பிள்ளை சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து, மூன்று சுற்று டேப் போட்டு இறுக்கிவிட்டீர்கள். அது தொளதொளவென்றுதான் இருக்க வேண்டும். ஏறும்போது காற்றே மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் வேகம் அடங்கி ராக்கெட் சரியும்போது மூடி கழன்று, உள்ளே மடித்து வைத்த பாராசூட் வெளியே வரும். மூடியும் தொலையாது, பாட்டிலோடு ஒரு நூலால் கட்டியிருக்கிறது. பாராசூட்டின் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்த ஓட்டையைக் கிழிசல் என்று எண்ணி அடைத்ததும் அப்படித்தான். உள்ளே சேரும் காற்று அந்த ஓட்டை வழியாக வெளியேறாவிட்டால் பாராசூட் ஊஞ்சலாடி ஒரு பக்கமாகக் கவிழும்.

இதில் பிள்ளைகள் இழந்தது பெரிது. ஒவ்வொருவரிடமும் ஒரு சோதனை நோட்டு இருக்கிறது. எத்தனை மில்லி தண்ணீர், எத்தனை பிஎஸ்ஐ, என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, அடுத்து எதை மாற்றப்போகிறேன் என்று எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றலாம். இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு 600 முதல் 700 மில்லி தண்ணீர் சரியாக இருக்கும். தண்ணீர் கூடினால் அதைத் தள்ளக் காற்றுக்கு இடம் போதாது, குறைந்தால் தள்ளுவதற்கே பொருள் போதாது. இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. 200 மில்லியில் தொடங்கி 1,200 மில்லி வரை ஊற்றிப் பார்த்து, நனைந்து, அவர்களாகவே அந்த அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். செவ்வாயன்று 'ஏன் புரண்டது?' என்று கேட்டால், பலருக்குப் பதில் இல்லை. 'அப்பாதான் பண்ணாங்க' என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கி விக்ரம் நிலவில் மோதியபோது, இஸ்ரோவிடம் கடைசி நிமிடங்களின் தரவு இருந்தது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது, இறங்குமிடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாக வைத்தது எல்லாம் அதில் தெரிந்தது. அடுத்த கலமான சந்திரயான்-3இன் தரையிறங்கிக்குக் கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது. இடையில் யாராவது இரவோடு இரவாக வந்து, குறிப்பு எதுவும் எழுதாமல், ஒரு காலை நிமிர்த்திவைத்துப் போயிருந்தால் அவர்கள் பாடு என்னவாகியிருக்கும்?

எனவே சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இன்று முதல் ராக்கெட்டுகள் பள்ளியிலேயே இருக்கும். வீட்டில் திருத்தப்பட்ட ராக்கெட் எதுவும் சனிக்கிழமை ஏவப்படாது. உலோக இறக்கை, க்ளூ கன் பட்ட பாட்டில், குடிநீர் பாட்டில் எதுவாக இருந்தாலும் மேடை ஏறாது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டோம், சிபாரிசுக்கும் இடமில்லை. ஏற்கெனவே மாறிப்போன ராக்கெட்டுகளின் பிள்ளைகள் வியாழன், வெள்ளி இரண்டு நாளில் புதிதாகச் செய்துகொள்வார்கள். அதிக உயரத்துக்குப் பரிசு என்று அறிவித்தது எங்கள் தவறு. போட்டி எண்ணம் வீடு வரை வந்ததற்கு அதுவும் காரணம். அந்தப் பரிசை எடுத்துவிட்டோம். தன் ராக்கெட் ஏன் அப்படிப் பறந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகள் எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நசுங்காத இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் இன்னும் தேவை. வெந்நீரில் கழுவாமல், மூடிய காரில் வெயிலில் விடாமல் அனுப்புங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் ஏவுமேடைக்கு இரும்புத் தாங்கி ஒன்று செய்து கொடுத்தால் பேருதவி. மண்ணில் அடித்த முளை ஈரத்தில் ஆடுகிறது, மேடை சாய்ந்தால் ராக்கெட்டும் சாய்ந்து போகும். அந்த வேலைக்கு உங்கள் வெல்டிங்கும் அலுமினியமும் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். வீட்டில், 'இன்னைக்கு எது ஒடஞ்சுது? நாளைக்கு எதை மாத்தப் போறே?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

சனிக்கிழமை ஏவுதல் காலை 6.45 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் காற்று அடங்கியிருக்கும், காற்றடித்தால் ராக்கெட் அது வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். 9 மணிக்கு முடித்துவிடுவோம். பம்பு ஆசிரியர் கையில் இருக்கும், கயிற்றைப் பிள்ளை இழுக்கும். மற்ற அனைவரும் மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். வீடியோ எடுக்கக் கயிற்றைத் தாண்ட வேண்டாம். கயிறு இழுத்தும் ராக்கெட் கிளம்பாவிட்டால் பம்பு பக்கத்து வால்வைத் திறந்து காற்றை இறக்குவோம், அதுவரை ஒருவரும் அருகில் போகக் கூடாது. பிள்ளைகளுக்குத் தொப்பி, மாற்றுச் சட்டை, தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். மோர் பள்ளியில் கிடைக்கும்.

தினமும் காலையில் பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவதற்கும், பாட்டில் கேட்டபோதெல்லாம் தேடிக் கொடுத்ததற்கும், முட்டைத் தட்டுகளை அனுப்பிவைத்ததற்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பையில் வந்த க்ளூ கன் அலுவலக மேசையில் இருக்கிறது. உரியவர் முகாம் முடிந்த பிறகு பெற்றுக்கொள்ளலாம்.