இரண்டாம் கார்னெட் கிடைத்த மகளுக்கு

பாப்பாவுக்கு,

உன் மெயில் வந்தது. புதுப் பேண்டில் உன்னை, முன்னால் மெலடி ஊதும் சோலோ கார்னெட் (ட்ரம்பெட் மாதிரிச் சின்னப் பித்தளை ஊதுகுழல்) வரிசையில் சேர்க்காமல், பின்வரிசையில் இரண்டாம் கார்னெட் கொடுத்துவிட்டார்கள், அதனால் இந்த சீசனோடு போதும் என்று எழுதியிருக்கிறாய். முடிவு உன்னுடையதுதான். ஆனால் முன்வரிசைப் பக்கமே போகாமல் காலம் முழுக்க பிராஸ் பேண்டில், அதாவது பித்தளை ஊதுவாத்தியங்களும் தாளமும் மட்டும் உள்ள குழுவில், ஊதிய ஆள் ஒருவன் வீட்டிலேயே இருக்கும்போது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

என் கதை உனக்குத் தெரியும். மூன்றாம் கார்னெட்டில் ஆரம்பித்தேன். அப்புறம் கொஞ்சம் கீழே ஒலிக்கும் டெனர் ஹார்ன். அப்புறம் அதைவிடக் கீழே ஒலிக்கும் பாரிடோனில் இரண்டாம் பார்ட், இன்றைக்கும் அதுதான். முன்பல் இன்னும் கொஞ்சம் ஆட்டம் கண்டால் பெரிய மௌத்பீஸ் தேடி பாஸ் பக்கம் நகர வேண்டியதுதான். வயதான பேண்டுக்காரர்கள் பலருக்கும் அதுவே வழி.

இப்படி இடம் மாறி மாறி உட்கார முடிவது இந்தப் பேண்டின் அமைப்பால்தான். பாஸ் டிராம்போனையும் தாளக்காரர்களையும் விட்டுவிட்டால் மற்ற எல்லோருக்கும் ட்ரெபிள் கிளெஃப் என்ற ஒரே குறியீட்டில்தான் நோட்டு. வால்வு வாத்தியம் எதை எடுத்தாலும், தாளில் அதே சுரத்தைப் பார்த்தால் அதே விரல். 1840-களில் வாத்தியம் செய்பவரான அடால்ஃப் சாக்ஸ் ஒரே குடும்பமாகச் செய்த சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளை வாத்தியங்கள், பிராஸ் வாசித்துக் கச்சேரி செய்த டிஸ்டின் குடும்பத்தார் வழியாக பிரிட்டனுக்குப் போய், மில் தொழிலாளர்கள் கையிலும் சுரங்கத் தொழிலாளர்கள் கையிலும் சேர்ந்தபோது இந்த வசதி பெரிய விஷயம். ஹார்ன்காரர் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டால் கார்னெட்காரரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகையை நடத்தலாம். யார் பெரியவர், யார் சின்னவர் என்ற கேள்விக்கு அங்கே நேரமே இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். (இருந்திருக்கும். பேண்டு என்றால் சண்டையும் உண்டு.)

சரி, உன் பார்ட்டுக்கு வருகிறேன். 25 பேர் பிராஸ் ஊதுகிற பேண்டில் கார்னெட் மட்டும் 10. சோலோ 4, சோப்ரானோ 1, ரிப்பியானோ 1, இரண்டாம் கார்னெட் 2, மூன்றாம் கார்னெட் 2. கணக்கைக் கொஞ்சம் பார். சோலோ வரிசையில், பிரின்சிபல் (முதல் கார்னெட்காரர்) தனியாக வாசிக்கும் இடங்களை விட்டால், பெரும்பாலும் நான்கு பேருக்கும் ஒரே வரி. ஒருவர் ஒரு பாரை (ஒரு தாளக் கட்டத்தை) கோட்டைவிட்டால் மற்ற மூன்று பேர் மூடிவிடுவார்கள். உன் வரிக்கு நீயும் பக்கத்து நாற்காலியும் மட்டும்தான். அந்த இரண்டும் பல இடங்களில் பிரிந்துவிடும், அப்போது அந்தச் சுரத்துக்கு உலகத்தில் நீ ஒருத்திதான். டெனர் ஹார்னில் இன்னும் மோசம், மூன்று பேருக்கு மூன்று பார்ட். நான் இரண்டாம் ஹார்னில் இருந்த காலத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

அப்புறம் அந்தச் சுரம் எது என்று பார்த்தாயா? மெலடி மேலே போகும், பாஸ் கீழே ஆதாரத்தைப் பிடிக்கும். நடுவில் வரும் காந்தாரம் பல நேரம் இரண்டாம் கார்னெட்டிடமோ ஹார்னிடமோ பாரிடோனிடமோதான் வரும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலித்தால் அது மேஜரா மைனரா என்றே யாருக்கும் தெரியாது. அதைச் சொல்பவள் நீ. அதிலும் வெறுமனே விரலை அழுத்தி ஊதினால் போதாது. பியானோவில் இருக்கும் மேஜர் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சற்று உயரம். ஒரு செமிடோனை 100 பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு. டியூனர் பச்சை விளக்குக் காட்டுகிற இடத்தில் நீ நிறுத்தினால், நீண்ட கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டில்) உன் சுரம் உரசிக்கொண்டே இருக்கும். உதட்டை லேசாகத் தளர்த்தி அந்த 14 பங்கை இறக்கு. தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழும் அல்லவா, அதே இடத்துக்கு நீ வந்து சேர்ந்ததும் உரசல் நின்றுவிடும். கார்டு பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், யாரும் சத்தத்தைக் கூட்டாமலே பேண்டு பெரிதாகிவிடும். பேண்டு மாஸ்டர் அந்த நேரம் சோலோ கார்னெட்டைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும். எது நடந்தது என்று உனக்குத் தெரியும், எதிரில் உட்கார்ந்திருக்கும் பாரிடோன்காரனுக்கும் தெரியும்.

இதை நான் கடிதத்தில் சொல்லித் தருவது வீண், ஒத்திகையில்தான் பழக வேண்டும். ஒத்திகை தொடங்கும்போது வாசிக்கிற ஹிம் டியூன் (தேவாலயப் பாட்டு மெட்டு) எதற்கு என்று நினைத்தாய்? வாயைச் சூடாக்க மட்டும் இல்லை. மெதுவான பாட்டு, நீண்ட கார்டு. முன்வரிசைக்காரர்கள் அப்போது மெலடியை அழகு பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ அந்த ஐந்து நிமிஷத்தில் ஒவ்வொரு கார்டிலும் உன்னிடம் இருப்பது ஆதாரமா, காந்தாரமா, பஞ்சமமா என்று கண்டுபிடி. முதலில் தலை சுற்றும். சில வாரங்களில் காதே சொல்லிவிடும்.

இன்னொன்று, கார்னெட்டின் மூன்றாம் வால்வு ஸ்லைடில் இருக்கும் வளையம். பழைய பேண்டில் சோலோ வரிசையில் இருந்தபோது அதை எத்தனை முறை நகர்த்தினாய்? உன் புதுப் பார்ட் கீழ் ஸ்தாயியில் நடமாடுகிறது. கீழ் டி-க்கு ஒன்றும் மூன்றும், சி ஷார்ப்புக்கு மூன்று வால்வுமே. ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியாக அழுத்தும்போது சரியாக இருக்கும்படி அளந்து செய்தது. சேர்த்து அழுத்தினால் மொத்தக் குழாய் நீண்டிருக்கும், ஆனால் வால்வுகளின் குழாய் நீளவில்லை. அதனால் நீளம் போதாமல் சுரம் ஏறிப்போகும். யூபோனியம் போன்ற பெரிய வாத்தியங்களில் இந்தத் தொல்லைக்கு டேவிட் பிளேக்லி 1874-ல் ஒரு வழி கண்டுபிடித்தார், குறையும் நீளத்தை வால்வுக்குள்ளேயே கூடுதல் குழாய் வைத்து ஈடுகட்டுவது. உன் கார்னெட்டில் அந்த வேலையைச் செய்வது உன் இடதுகை மோதிரவிரல். ஸ்லைடைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் போடு. விரலால் தள்ளியதும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர வேண்டும், இல்லையென்றால் வேகமான இடத்தில் கைவிட்டுவிடும்.

மூச்சு விஷயம் நீயே பக்கத்து நாற்காலியிடம் பேசிக்கொள். இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காதீர்கள், அவ்வளவுதான். பென்சிலால் குறித்து வையுங்கள். மனப்பாடம் என்று பெருமைப்பட்டவர்கள் போட்டி மேடையில் ஒன்றாக மூச்சு வாங்கி ஓட்டை விட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

போட்டி என்றதும் இதையும் சொல்கிறேன். 1853-ல் மான்செஸ்டரின் பெல் வ்யூவில் பெரிய பிராஸ் பேண்டு போட்டி தொடங்கியது. பெரிய போட்டிகளில் நடுவர்களை மூடிய பெட்டிக்குள் உட்காரவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. எந்தப் பேண்டு மேடையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, யார் எப்போது வாசிப்பது என்பதும் குலுக்கல். உனக்குக் கோபம் வருவதெல்லாம் முதல் வரிசை, பின்வரிசை என்பதில். பெட்டிக்குள் இருப்பவருக்கு வரிசையே தெரியாதும்மா. அவர் காதில் விழுவது கார்டுதான்.

நடு பார்ட்டுகளுக்குச் சுவையான வேலை கிடைத்தது கொஞ்சம் தாமதமாகத்தான். ஆரம்பத்தில் போட்டிகளில் ஓபரா (இசை நாடக) மெட்டுகளைத் தொகுத்து வாசித்தார்கள். 1913-ல் பெர்சி ஃப்ளெட்சரின் 'லேபர் அண்ட் லவ்' வந்த பிறகு பேண்டுக்கென்றே எழுதிய படைப்புகள் போட்டி மேடைக்கு வரத் தொடங்கின. 1928-ல் ஹோல்ஸ்ட், 1930-ல் எல்கர் என்று பெரிய இசையமைப்பாளர்களே எழுதினார்கள். ஹோல்ஸ்ட் தானே ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் வாசித்தவர். பின்னால் உட்கார்ந்து பார் எண்ணிக் காத்திருந்தவர் எழுதியது என்று அவருடைய 'மூர்சைட் சூட்' வாசிக்கும்போது எனக்குத் தோன்றும். இது ஆராய்ச்சி இல்லை, பாரிடோன்காரனின் பாசம்.

அணிவகுப்புக்கான மார்ச் இசை வாசிக்கிற நாட்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பாஸ் 'உம்', ஹார்ன் 'பா'. நான் வருஷக்கணக்கில் 'பா' ஊதியவன். அலுப்புத்தான். ஆனால் அந்த 'பா' ஒரு இழை தாமதமானால் முழுப் பேண்டும் நொண்டும், நேரத்தில் விழுந்தால் நடப்பவர்கள் கால் தானாக எழும். அலுப்பு வந்த நாளிலும் அதில் ஒரு அதிகாரம் இருந்தது, சும்மா சொல்லவில்லை.

நீ பேண்டை விடுவதாக எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது இங்கிலாந்தின் கிரைம்தார்ப் சுரங்கப் பேண்டுதான். 1992 அக்டோபரில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் அறிவிப்பு வந்தது, அந்தப் பேண்டின் சுரங்கமும் அதில் ஒன்று. அதே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியில் அந்தப் பேண்டு வென்றது. அடுத்த வருஷம் சுரங்கம் மூடியது, பேண்டு இன்றும் இருக்கிறது. கோப்பையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வேலை போகிறது என்று தெரிந்த வாரத்தில் இரண்டாம் ஹார்ன்காரரும் மூன்றாம் கார்னெட்காரரும் ஒத்திகைக்கு வந்து தங்கள் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சோலோ வரிசைதான் வேண்டும் என்றால் பேண்டு மாஸ்டரிடம் நேராகக் கேள். முறைத்துக்கொண்டு வாசிக்காதே, உதடு இறுகினால் சுரம் ஏறும். அடுத்த ஆடிஷன் எப்போது, எந்த இடத்தில் குறை என்று கேட்டு வைத்துக்கொள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இந்த சீசனை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, உன் பக்கத்து நாற்காலிக்காரர் தனியாக அல்லாடுவார்.

போட்டிக்கு எந்தப் படைப்பு என்று நீ எழுதவே இல்லை. இரண்டாம் கார்னெட் பார்ட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, முழு ஸ்கோர் வேண்டாம். என் பாரிடோனும் பி பிளாட்தான், அதே நோட்டு, அதே விரல், உனக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். நான் முதலில் ஊதிப் பார்த்து, எங்கெங்கே காந்தாரம் உன்னிடம் வருகிறது என்று குறித்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். மெட்ரோனோமைப் பக்கத்தில் வைத்துக்கொள், போனில் சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் தாமதமாக வரும். ஆளுக்கு ஒரு முறை வாசிப்போம்.

அப்பா