பாலாற்று மணலில் உதவிய அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு சாயங்காலம் விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் ஆடுகளோடு கரையேறிவிட்டீர்கள்.

சீமைக்கருவேல முள்ளுக்குள் விழுந்தது நாங்கள் செய்த, ரிமோட்டில் பறக்கும் ஸ்பிட்ஃபயர் மாடல் விமானம். 1936-இல் முதலில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானத்தின் தெர்மாகோல் வடிவம். நிஜ விமானத்தில் சக்கரங்கள் நெருங்கி இருப்பதால் தரையில் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் சக்கரமே வேண்டாமென்று கழற்றி, கையால் வீசிப் பறக்கவிட்டு, மணலில் வயிற்றால் இறக்குகிறோம். மூக்கு குட்டை என்பதால் எடை சமன்பட லித்தியம் பேட்டரியை முன்கோடியில் திணிக்க வேண்டும். குப்புற விழுந்தால் முதல் அடி அதற்குத்தான்.

நாங்கள் ஓடி வருவதற்குள் பேட்டரி உப்பிப் புகைய ஆரம்பித்திருந்தது. நீங்கள் விமானத்தைக் குச்சியால் வெட்டவெளிக்கு இழுத்து, மேலே மணலை வாரிக் கொட்டிவிட்டீர்கள். பயிற்சி எடுத்தவர்கள்கூட அந்த நேரத்தில் பதறுவார்கள். காய்ந்த முள்காடு பற்றியிருந்தால்? இறக்கை முழுசாகக் கிடைத்தது, அது வேறு சந்தோஷம்.

உங்கள் பையன் ரிமோட்டைப் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டான். கூட்டி வாருங்கள் அண்ணே, ஞாயிறு காலையில் அங்கேதான் இருப்போம்.