மேஜை ஆழத்தை அளந்து அனுப்பு

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மானிட்டர் படம் வந்தது. "இது எப்படிப்பா இருக்கும்?" என்று கீழே போட்டிருந்தாய். இரண்டு மாசத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்த முதல் மெசேஜ். உடனே அம்மாவிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அது வந்த நேரத்தைப் பார்த்தாள். ராத்திரி 2.40. "இன்னும் தூங்கலையா இவன்" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போனில் எனக்கு நாலு வரிக்கு மேல் எழுத வராது. அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். முகவரி பழையதுதானே? வீடு ஒன்றும் மாற்றவில்லையே? மாற்றியிருந்தால் ஒரு வார்த்தை சொல்.

முதலில் மேஜையைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன், சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறாய். அதன் ஆழம் இரண்டடிகூட இருக்காது போல் தெரிகிறது. முன் விளிம்பிலிருந்து சுவர்வரை டேப் வைத்து அளந்து அனுப்பு. புள்ளி அதிகமான 4கே திரை வாங்குவதா, அதைவிடக் குறைந்த 1440 திரை போதுமா என்பதில் பாதி அந்த அளவில்தான் இருக்கிறது.

நேற்று ராத்திரி பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன்னிடம் இப்போது இருக்கிற 1080 திரையில் மொத்தம் 20,73,600 புள்ளி, அதாவது பிக்சல். 1440-ல் 36,86,400. 4கே என்றால் 82,94,400. அதாவது இப்போது இருப்பதைப் போல நாலு மடங்கு. நீ படம் அனுப்பியிருப்பது 27 இன்ச். அதில் 1440 என்றால் ஒரு புள்ளியின் அகலம் 0.23 மில்லிமீட்டர். 4கே என்றால் 0.155. நல்ல கண், டாக்டர் 6/6 என்று எழுதித் தருகிற கண், ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்குப்படி 1440-ன் புள்ளி 80 சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கம் போனால் கண்ணுக்குப் பிரியாது. 4கே புள்ளி 53 சென்டிமீட்டரிலேயே பிரியாமல் போய்விடும். மேஜையில் ஸ்டாண்டு பிடிக்கிற இடம் போக, உன் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் எவ்வளவு இருக்கும்? இரண்டரை அடிக்கு மேல் இருந்தால் 4கேவுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி உன் கண்ணுக்கு வந்து சேராது. அதற்குக் கிட்டே உட்கார்ந்தால் எழுத்து படிக்கும்போது வித்தியாசம் தெரியும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு கிட்டே நீ உட்காரக் கூடாது. கண்ணாடியை மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?

அடுத்தது கம்ப்யூட்டரில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு. உன்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. நீ வாங்கின அன்றைக்குப் பெட்டியோடு படம் அனுப்பினாய், இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன். 4கேயில் ஒரு செகண்டுக்கு 60 படம் வேண்டும் என்றால் அந்தக் கார்டு 49 கோடியே 76 லட்சம் புள்ளி போடவேண்டும், அதுவும் ஒவ்வொரு செகண்டும். பெரிய கேம்களில் அது மூச்சு வாங்கும். டிஎல்எஸ்எஸ் போட்டுக்கொள்ளலாம் என்பாய். சரி, உள்ளே 1080-ல் வரைந்து 4கேவாகப் பெரிசாக்கிக் காட்டும், நன்றாகவே காட்டும். ஆனால் எல்லாக் கேமிலும் அந்த வசதி கிடையாது. 4கே பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கார்டு தாங்காமல் 1080-க்கு இறக்கினால், 4கே பேனலில் ஒரு புள்ளிக்குச் சரியாக நாலு புள்ளி விழும். 1440-ல் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் சொச்சம் என்று முழுசாகப் பங்கு வராமல் எழுத்தெல்லாம் மங்கும். ஆக 1440 வாங்கினால் 1440-லேயே ஓட்டு.

என்னைக் கேட்டால், அந்தக் கார்டை வைத்துக்கொண்டு இருக்கிறவரை 27 இன்ச் 1440, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், செகண்டுக்கு 144 தடவை படம் மாறுகிற 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ. அதுவே போதும்.

ஹெர்ட்ஸை ஏன் விடக்கூடாது என்கிறேன் என்றால், பிக்சர் டியூபில் ஒரு புள்ளி எரியும், உடனே அணையும். அதனால் பந்து ஓடினால் பந்தாகவே ஓடும். இந்தப் பேனல்களில் அடுத்த படம் வரும்வரை பழைய படம் அப்படியே நிற்கும். 60-ல் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்டு நிற்கும், 144-ல் 7. அவ்வளவு நேரம் நிற்கிறதைக் கண் துரத்திக்கொண்டே போவதால்தான் இழுத்த மாதிரி தெரிகிறது. முதல் எல்சிடி வாங்கியபோது "படம் இழுக்குதுப்பா" என்று நீதான் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நம் ரிப்பேர் கடையில் நாலு பேர் இருந்தார்கள். யாருக்கும் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு கூர்மை. சின்ன வயசில் 625 கோட்டையும் எண்ணுகிறேன் என்று சாலிடர் டிவி கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாய், கையில் இருக்கிற பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும். இப்போதுகூடக் கடைக்கு வருகிறவர்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

நீ அனுப்பிய படத்தில் இன்னொன்று கவனித்தேன். அது ஓஎல்இடி, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற வகை. கறுப்பு கறுப்பாகவே இருக்கும், அதில் சந்தேகமே இல்லை, இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்காக நின்றால் அந்த இடம் தேய்ந்து தடம் விழும். டியூப் காலத்திலும் இது உண்டு. ரயில்வே கவுன்டர் மானிட்டர் ஒன்று பழுதுக்கு வந்தது, அணைத்து வைத்தாலும் எழுத்து கண்ணாடியில் தெரியும். உன் கேமில் மூலையில் மேப்பும் உயிர்க்கோடும் எப்போதும் நிற்கிறதே, நீ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறாய் என்று எனக்குத் தெரியாது. முன்னால் சனி, ஞாயிறு மட்டும் என்று சொல்வாய். இப்போது எப்படி?

விஏ என்று இன்னொரு வகைப் பேனலும் மலிவாக வரும். கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சியில் உருவம் நகர்ந்தால் பின்னால் கரியை இழுத்த மாதிரி வரும். உன் கண்ணுக்கு அது ஆகாது. வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கான முத்திரையாகப் பெட்டியில் எச்டிஆர் 400 என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

வாங்குவதற்கு முன்னால் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஒரு நடை போய் நேரில் பார். போட்டோவைப் பார்த்து வாங்காதே. வாங்கி வந்ததும் அறையை இருட்டாக்கி, திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டு மூலை மூலையாகப் பார். செத்த புள்ளி இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பேனல் போனால் செட்டே போன மாதிரிதான், நான் தினமும் பார்க்கிறேன், மாற்றுகிற செலவுக்குப் புதுசே வந்துவிடும். அதனால் வாரன்டியில் பேனல் சேர்த்தியா என்று கேள். பெட்டியை ஒரு வருஷம் பரண்மேல் வை. தூக்கிப் போட்டுவிடாதே.

ஈஎம்ஐயில் வாங்காதே. படத்துக்குக் கீழே மாசம் இவ்வளவு என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். 4கே, ஓஎல்இடி எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், எங்கும் ஓடிப்போகாது. இப்போதைக்கு மாசாமாசம் கட்டுகிற எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அக்கா போன வாரம் பேசினாள். பேச்சுவாக்கில், ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டுபோக ஆள் வந்திருந்தார்கள் என்று நீ மச்சானிடம் சொன்னதாகச் சொன்னாள். புது லேப்டாப் தருவார்களாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்காவது நீ போன் பண்ணியிருக்கலாம். அவள் மொட்டைமாடிக்குப் போனாலும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு நிமிஷம், "சாப்பிட்டேன்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஈஎம்ஐயில் வாங்காதே, அவ்வளவுதான் சொல்கிறேன்.

தம்பி, மானிட்டர் என்று எழுத உட்கார்ந்தாலே எனக்கு அந்தப் பழைய 17 இன்ச் டியூப் மானிட்டர்தான் கண்முன் வந்து நிற்கிறது. 2009 ஜனவரி. உனக்குப் பிளஸ் டூ. ராத்திரி ஒரு மணிக்குக் கதவிடுக்கில் நீல வெளிச்சம் தெரியும். சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் பின்மூடியைத் திறந்து லைன் டிரான்சிஸ்டர் என்ற சின்னப் பாகத்தைக் கழற்றிவிட்டேன். சாயந்திரம் நீ வந்ததும், பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற எல்.ஓ.டி. போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்று சொன்னேன்.

நீ நம்பினாய். நான் சொன்னால் நம்புவாய் அப்போதெல்லாம். எல்.ஓ.டி. மேல் இருந்த நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டியல் காசை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாய். கடை கடையாக அலைந்து ராத்திரி எட்டு மணிக்கு வந்தாய். கையில் அந்தப் பாகம் இருந்தது. அதே நம்பர். "கிடைச்சிடுச்சுப்பா" என்று பட்டறை மேஜைமேல் வைத்தாய். உள்ளங்கையில் வியர்வையில் நம்பர் பாதி அழிந்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பின் மாறியிருக்குடா, சேராது" என்றேன்.

சேரும், தம்பி. அன்றைக்கே மாட்டியிருக்கலாம். மாட்டவே தேவையில்லை, என் சட்டைப்பையில் கிடந்த டிரான்சிஸ்டரை வைத்துப் பற்றவைத்தால் போதும்.

பரீட்சை முடிந்ததும் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சரிபண்ணினால் நீ எப்படி என்று கேட்பாய். அந்தப் பயத்தில் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டேன். உன்னிடம் காயலான் கடையில் போட்டதாகச் சொன்னேன். நீ 1,127 மார்க் எடுத்தாய். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அந்த மானிட்டரைக் கழற்றியதால்தான் எடுத்தாய் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் நீ கடைக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்காரவே இல்லை. சாலிடரிங் அயர்னைத் தொடவில்லை. காலேஜ், ஹாஸ்டல், வேலை என்று போய்விட்டாய், வயசுப் பையன், அப்படித்தான் என்று நினைத்தேன். மூடி ஸ்குரூவில் இருந்த புதுக் கீறலை நீ பார்த்திருப்பாயோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. உனக்கு அவ்வளவு கூர்மையான கண்.

நீ மதுரையிலிருந்து வாங்கி வந்த எல்.ஓ.டி. இன்னும் என் மேஜை டிராயரில், அதே பேப்பரில் சுற்றியபடி இருக்கிறது. பழைய சாமானையெல்லாம் எடைக்குப் போட்டேன், அதை மட்டும் போடவில்லை.

வீட்டில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் உன்னை எதுவும் துருவிக் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்கிறபோது சொல். ஊருக்கு வந்து பத்து நாள் இருந்தாலும் சரி, ஆறு மாசம் இருந்தாலும் சரி, மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறோம். அங்கே கிடக்கிற மேஜை இரண்டே முக்கால் அடி ஆழம், நான் அளந்துவிட்டேன்.

உன் அக்கவுன்டில் இருபதாயிரம் போட்டிருக்கிறேன். மானிட்டருக்குத்தான். திருப்பி அனுப்பாதே. அந்தக் காசை வேறு எதற்காவது எடுத்துக்கொண்டாலும் என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் கடையை ஆறு மணிக்கே சாத்திவிடுகிறேன், கண் முன்போல் இல்லை. அதற்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். 2.40-க்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

மேஜையை மறந்துவிடாதே. முன் விளிம்பிலிருந்து சுவர்வரை எவ்வளவு என்று, கடிதம் கிடைத்த அன்றைக்கே அளந்து சொல்.

இப்படிக்கு,
அப்பா